வீட்டில் கட்டிய புல்லட் கஃபே ரேசர்: கோளாறை வைத்துக் காரணம் பிடிப்பது

எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யுசிஇ எஞ்சின் வருவதற்கு முந்தைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ எடுத்து, வீட்டிலேயே கஃபே ரேசராக, அதாவது தாழ்ந்த ஹேண்டிலும் சின்ன சீட்டும் வைத்த பந்தய பாணி வண்டியாகக் கட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். 346 சிசி, நான்கு கியர், வலது காலில் கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் பாயிண்ட் என்ற சின்ன ஸ்விட்ச்தான் ஸ்பார்க்கை உண்டாக்கும்). நம் ஊரில் இந்த வேலைக்கு அதிகம் சிக்குவது இந்த வண்டிதான். திருவொற்றியூரில் செய்த வண்டி என்பதால் சென்னைக்காரர்களுக்கு அதன் மேல் தனிப் பாசமும் உண்டு. யமஹா, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதி பொருந்தும்.

கஃபே ரேசர் கட்டுவது என்றால் பெரும்பாலும் கழற்றுவதுதான். ஏர் ஃபில்டர் பெட்டி, டூல் பாக்ஸ், பேட்டரி பெட்டி, பின் மட்கார்டு, பெரிய சீட், ஃபோர்க்கை மூடிய தகரம் எல்லாம் போகும். ஆனால் கம்பெனி வைத்த ஒவ்வொரு பாகமும் பார்த்த உடனே தெரிகிற வேலையோடு இன்னொரு வேலையையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். அது வண்டியில் இல்லாமல் போன பிறகுதான் நமக்கே தெரியவரும். அதனால் கோளாறு எங்கே வந்தாலும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சைலன்சர், ஃபில்டர், காயில் மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டால், திங்கட்கிழமை வரும் கோளாறு எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்டார்ட் ஆகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் திணறுகிறது

ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டு கோன் ஃபில்டர், பின்னால் மெகாஃபோன் சைலன்சர். கஃபே ரேசரில் வரும் முதல் புகார் இதுதான். பெட்டி இருந்தபோது கார்புரேட்டருக்கு அசையாத காற்று அளவாகக் கிடைத்தது. இப்போது காற்று கட்டுப்பாடில்லாமல் வருகிறது, பெட்ரோல் பழைய அளவில்தான் வருகிறது. கலவை லீனாகிவிடுகிறது, அதாவது காற்றுக்குப் போதிய பெட்ரோல் இல்லை (பெட்ரோல் கூடினால் அது ரிச்). பங்க்கில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருப்பதால் கலவை இன்னும் கொஞ்சம் லீன் பக்கமே சாய்கிறது.

உடனே மெயின் ஜெட்டை (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னத் திருகு) மாற்ற ஓடாதீர்கள். ஆக்சிலேட்டர் எந்த இடத்தில் இருக்கும்போது திணறுகிறது என்பதை முதலில் பிடியுங்கள். கைப்பிடியில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடிய நிலை, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் பெட்டியில் ஒரு நிலையான கோடு போடுங்கள். ஓட்டும்போது கோடு எங்கே நிற்கிறதோ அங்கேதான் பதில் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும் பேசும். அதற்கு மேல் கால் பங்கு வரை ஸ்லைடின் வெட்டு. காலிலிருந்து முக்கால் வரை ஊசி. முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட். ஊருக்குள் ஓட்டுகிறவருக்கு முக்கால் பங்கு நேரம் ஊசியும் பைலட்டும்தான் வேலை செய்கின்றன. ஆனால் கடையில் எல்லோரும் கேட்டு வாங்குவது மெயின் ஜெட்டைத்தான்.

நடுவில் திணறினால் ஊசியின் கிளிப்பை ஒரு காடி கீழே இறக்குங்கள். கிளிப் இறங்கினால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஐட்லிங்கிலேயே தகராறு என்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள். புல்லட்டின் மிக்கார்ப் விஎம்24-ல் இருப்பது ஏர் ஸ்க்ரூ. அதை உள்ளே திருகினால் ரிச், வெளியே எடுத்தால் லீன். வேறு கார்புரேட்டர் போட்டிருந்தால் ஸ்க்ரூ எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். எஞ்சின் பக்கம் இருக்கும் ஸ்க்ரூ பெட்ரோலைக் கட்டுப்படுத்துவது. அதற்கு எல்லாம் தலைகீழ்.

ஜெட்டைத் தொடும் முன் இரண்டு இடங்களைப் பார்த்துவிடுங்கள். கார்புரேட்டர் வாயின் விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். விலை குறைந்த கோன் ஃபில்டர்களின் ரப்பர் உதடு அந்தத் துளையை மூடிவிடுவது உண்டு. ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ததும் வண்டி சரியாகிவிட்டால் குற்றவாளி அந்த ரப்பர்தான். பிளேடால் உதட்டைச் சீவிவிடலாம். இரண்டாவது, கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று கசிவது. ரேஸை விட்டாலும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கிக்கொண்டு நின்றால் சந்தேகம் இங்கேதான் போகவேண்டும். எஞ்சின் அதிகம் சூடாகும் முன் அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். ஐட்லிங் மாறினால் கசிவு அங்கே. பெட்ரோலையோ எரியக்கூடிய ஸ்பிரேயையோ அடிக்கவேண்டாம், பக்கத்திலேயே சூடான சைலன்சர் இருக்கிறது.

லீனாக ஓடும் வண்டியை "கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கலாம்" என்று விடக்கூடாது. காஸ்ட் அயர்ன் பீப்பாய் சூட்டை எளிதில் விடாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் இழுத்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

சூடானதும் நிற்கிறது, ஆறினதும் ஓடுகிறது

இதில்தான் பலர் மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள். பெட்ரோல் வராமல் நிற்பதும் ஸ்பார்க் போய் நிற்பதும் ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் தெரியும். பத்து நிமிடம் காத்திருந்தால் இரண்டுமே சரியாகிவிடும். ஆகவே நின்ற இடத்திலேயே, முதல் இரண்டு நிமிடங்களுக்குள் பிரித்துப் பார்க்கவேண்டும். பிளக் ஸ்பேனரும் உதிரி பிளக்கும் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

வண்டி நின்றதும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கிட்டே வையுங்கள். உள்ளே காற்று இழுக்கும் "உஸ்" சத்தம் கேட்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடுகிறது. புது டேங்கோடு வரும் பளபளப்பான மூடிகளில் இந்தத் துளை சில சமயம் இருப்பதே இல்லை. இருந்தாலும் பெயிண்ட் அடிக்கும்போது அடைத்துப்போயிருக்கும்.

சத்தம் இல்லையா? உதிரி பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் உலோக உடல் ஹெட்டில் படும்படி வைத்து கிக்கரை மிதியுங்கள். சிந்திய பெட்ரோல் பக்கத்தில் இருக்கக்கூடாது. நீல ஸ்பார்க் கணீரென்று வந்தால் இக்னிஷன் தப்பித்தது. மஞ்சளாகவோ விட்டுவிட்டோ வந்தால் பெட்ரோலை மறந்துவிடுங்கள்.

ஸ்பார்க் பக்கம் என்றால் நான் முதலில் பார்ப்பது கண்டென்சர், அடுத்து காயில். பாயிண்ட் மூடியைக் கழற்றி, கையால் பாயிண்டைத் திறந்து மூடும்போது பெரிய வெளிச்சத்தோடு பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜால் பாருங்கள். காயிலின் கதை கஃபே ரேசருக்கே உரியது. பெட்டிகளைக் கழற்றி எறிந்ததும் காயிலுக்கு இடமில்லாமல் போகிறது; டேங்குக்கு அடியில், ஹெட்டுக்கு நேர் மேலே கட்டிவிடுகிறோம். சிக்னலில் நிற்கும்போது மேலே வரும் அனல் முழுவதும் அதன் மேல்தான். சீட்டுக்கு அடியிலோ, காற்று படும்படி ஃபிரேமின் முன் குழாயிலோ மாற்றுங்கள்.

பெட்ரோல் பக்கம் என்றால் கார்புரேட்டரில் ட்யூபைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் காக்கைத் திறந்து பாருங்கள். தாரை அறுபடாமல் விழவேண்டும். முதலில் நன்றாக விழுந்து, பிறகு நூலாக மெலிந்தால் அடைப்பு. பழைய டேங்க் என்றால் துரு. உள்ளே பூச்சு போட்ட டேங்க் என்றால் அந்தப் பூச்சே உரிந்து காக்கின் வலையில் தோலாகப் படிந்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் வாஷர்களை உப்பவைக்கும், காக்கின் உள் வாஷர் உப்பிப் பாதையை மூடுவதும் நடக்கிறது. டேங்கைத் தாழ்த்திவைத்தவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: ட்யூப் எங்காவது காக்கை விட உயரே வளைந்து போகிறதா? போனால் அந்த வளைவில் காற்று மாட்டிக்கொள்ளும். ட்யூபை வெட்டிக் குட்டையாக்குவதே போதும்.

ஹாரன் அடித்தால் லைட் மங்குகிறது, பள்ளத்தில் விழுந்தால் ஃப்யூஸ் போகிறது

மங்குவதற்குப் பெரும்பாலும் எர்த் காரணம். ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்திருக்கிறீர்கள் அல்லவா? அந்தப் பூச்சு கரண்டைக் கடத்தாது. பழைய வண்டியில் ஒவ்வொரு விளக்கும் தான் மாட்டியிருந்த இரும்பு வழியாகவே எர்த் எடுத்துக்கொண்டது. இப்போது அந்த வழி மூடிவிட்டது.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் கேஸின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். ஹெட்லைட் எரியட்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. ஃபிரேமில் ஒரு போல்ட் அளவுக்குப் பூச்சைச் சுரண்டி, பேட்டரி நெகட்டிவிலிருந்து அங்கே ஒரு தடித்த ஒயர், எஞ்சினுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்குத் தனியாக ஒன்று. பிறகு மேலே கிரீஸ் தடவுங்கள். ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் உடலுக்கும் நல்ல எர்த்தும் காற்றோட்டமும் வேண்டும். 12 வோல்ட் வண்டியில் எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி நிற்கவேண்டும்.

பள்ளத்தில் ஃப்யூஸ் போனால் கதை வேறு. பேட்டரியையும் ஒயர்களையும் சீட்டின் பின் மேட்டுக்குள் திணித்திருப்போம். அதற்கு நேர் கீழே டயர். மட்கார்டு இருந்தவரை அது தடுத்தது. சந்தேகம் தீர ஒரே வழிதான்: வண்டியை முட்டுக்கொடுத்து நிறுத்தி, இரண்டு ஷாக் அப்சார்பரையும் கழற்றி, பின் சக்கரத்தை அது போகக்கூடிய உச்சிவரை கையால் தூக்கிப் பாருங்கள். டயருக்கும் சீட் தகட்டுக்கும் நடுவே விரல் நுழையவில்லை என்றால், இரண்டு பேர் ஏறும் நாளில் டயர் ஒயரைத் தின்றுவிடும்.

ஹேண்டிலைத் திருப்பும்போது ஃப்யூஸ் போனால் ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒயர் நசுங்குகிறது. எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று அடித்தால் பழைய ஃப்ளாஷரை எல்இடிக்கான ஃப்ளாஷராக மாற்றினால் முடிந்தது.

ஹேண்டிலைத் திருப்பினால் ரேஸ் ஏறுகிறது

ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது. கிளிப்-ஆன் (ஃபோர்க் குழாய்களிலேயே தாழ்வாக மாட்டும் இரண்டு துண்டு ஹேண்டில்) போட்ட பிறகு பழைய நீளக் கேபிளின் வளைவு மாறிவிடும். ஐட்லிங்கில் வைத்து இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். சத்தம் துளியும் மாறக்கூடாது. மாறுகிற வண்டியைத் தெருவில் யூ-டர்ன் எடுக்காதீர்கள்.

இங்கே புல்லட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஹெட்லைட், ஸ்பீடோமீட்டர், ஆம்பியர் மீட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய தலைப்பகுதி வெறும் அலங்காரம் இல்லை. ஃபோர்க் குழாய்களின் மேல்முனையைப் பிடித்துவைப்பதே அதுதான். அதை எடுத்தால் அந்த இடத்தில் முறையான மேல் யோக் வந்தே ஆகவேண்டும். தகட்டை வெட்டி லேத்தில் துளை போட்டுச் செய்ததை நான் நம்பமாட்டேன். இரண்டு துளைகளும் துல்லியமாக இணையாக இல்லாவிட்டால் ஃபோர்க் இறுகிப்போகும். கிளிப்-ஆன் வாங்கும் முன் குழாயின் விட்டத்தை வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். திருப்பினால் கட்டை விரல் டேங்கில் நசுங்கக்கூடாது. நசுங்கினால் ஸ்டீயரிங் ஸ்டாப்பரில் உலோகம் ஏற்றித் திருப்பத்தைக் குறைக்கவேண்டும்.

70-ஐத் தாண்டினால் வண்டி பாம்பு மாதிரி நெளிகிறது

முதலில் எளியவை. டயர் காற்று, ஸ்போக் இறுக்கம், ஹேண்டில் கோன் செட். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஃபோர்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் "டொக்" என்று கேட்கக்கூடாது. பிறகு ஸ்விங் ஆர்மைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். பழைய புல்லட்டில் அதன் புஷ் தேய்ந்திருப்பது சகஜம்.

இவை சரி என்றால் நீங்கள் செய்த மாற்றத்துக்கு வாருங்கள். அழகுக்காகப் பின் ஷாக்கை நீளமாகவும் முன்னே தாழ்வாகவும் வைத்தால் ஃபோர்க்கின் சாய்வு செங்குத்தாகிறது, நேராகப் போகும் குணம் குறைகிறது. பழைய நீளத்துக்கே திரும்பி ஓட்டிப் பாருங்கள். அடுத்தது டயர். புல்லட்டின் டபிள்யூஎம்2 ரிம் 1.85 அங்குல அகலம்தான். அதில் கொழுத்த டயரை ஏற்றினால் ஓரங்கள் உள்ளே மடங்கி, டயர் உருண்டையாகி ஆடும். கடைசியாகச் சக்கர நேர்கோடு. செயினை இறுக்கும் இரண்டு பக்க ஸ்நெயில் கேமிலும் ஒரே எண்ணிக்கைப் பல் வைத்தாலும் வெட்டி ஒட்டிய ஃபிரேமில் அதை நம்பமுடியாது. பின் டயரிலிருந்து முன் டயர்வரை நூல் பிடித்துப் பாருங்கள்.

கை மரத்துப்போகிறது, பெயிண்டில் கோடு தெரிகிறது

ஒற்றை சிலிண்டர் அதிரத்தான் செய்யும். ஆனால் மாற்றத்துக்கு முன்பு இல்லாத அதிர்வு வந்திருந்தால், ஹெட்டையும் ஃபிரேமையும் இணைக்கும் சின்னப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். டேங்குக்குக் கீழே அசிங்கமாக இருக்கிறது என்று அதைக் கழற்றிவிடுகிறார்கள். எஞ்சின் முன்னும் பின்னும் ஆடாமல் பிடிப்பது அதுதான். அது இல்லாமல் ஓட்டினால் அடி போல்ட்டுகள் தளரும், பிறகு ஃபிரேமில் விரிசல் விடும்.

கோடு தெரிந்தால் வண்டியை அன்றோடு நிறுத்துங்கள். பின் சட்டத்தை வெட்டி வளையம் வைத்த வெல்டு, ஷாக் மேல் முனை, ரியர்செட் (பின்னால் தள்ளி வைத்த ஃபுட்ரெஸ்ட், பெடல்) பிராக்கெட் ஆகிய இடங்களைத் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வெறும் பெயிண்ட் விரிசல் என்றால் காய்ந்து கிடக்கும். உலோகம் விட்டிருந்தால் கோட்டின் ஓரத்தில் செம்பழுப்பு நிறத்தில் நைஸான துருப்பொடி கசிந்திருக்கும். துடைத்துவிட்டு ஓட்டினால் திரும்ப வரும். மேலே இன்னொரு வெல்டு இழுப்பது மருந்தாகாது. பழைய வெல்டைக் கிரைண்டரில் எடுத்து, குழாய்க்குள் ஒரு துண்டுக் குழாய் நுழைத்து, தேர்ந்த கையால் மறுபடி ஒட்டவேண்டும். வெல்டு வைக்கும் முன் பேட்டரி ஒயரையும் ரெக்டிஃபையரையும் கழற்றிவிடுங்கள். ஷாக் மேல் முனைக்கு முன்னால் வெட்டவே கூடாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி விவரங்கள் கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. ஃபிரேமை வெட்டும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சேசிஸ் எண்ணின் மேல் கிரைண்டரோ பவுடர் கோட்டிங்கோ படவே கூடாது.

கியர் தப்புகிறது, கிக்கர் இடிக்கிறது

ரியர்செட் போட்டதும் கியர் வரிசை தலைகீழானால், கியர் ஷாஃப்டில் உள்ள கையும் ரியர்செட் லீவரின் கையும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் பழைய வரிசை வந்துவிடும். வரிசை சரி, ஆனால் பாதியில் நியூட்ரல் விழுகிறது என்றால் கோணம். லீவர் ஓய்வில் இருக்கும்போது இணைப்புக் கம்பி இரண்டு கைகளுக்கும் 90 டிகிரியில் நிற்கவேண்டும். மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் உங்கள் கால் அசைவில் பாதியை அதுவே விழுங்கிவிடும்.

கிக்கரும் வலது பக்கமே என்பதால் ரியர்செட்டின் ஃபுட்ரெஸ்ட் அதன் பாதையில் நிற்கும். மடக்கும் ஃபுட்ரெஸ்ட்தான் தீர்வு. கிக்கரை வளைக்கவேண்டாம்.

பிரேக் லீவர் கெட்டியாக இருக்கிறது, வண்டி நிற்கவில்லை

டிரம் பிரேக்கில் கேபிளும் பிரேக் கையும், ஷூ பிடிக்கும் அந்த நொடியில் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கவேண்டும். அதைத் தாண்டிப்போனால் எவ்வளவு அழுத்தினாலும் பலம் போய்ச்சேராது. கையைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். ஷூ தேய்ந்திருந்தால் புதுசு போடுங்கள். பின் பிரேக் பிளேட்டைப் பிடித்து நிறுத்தும் பட்டையின் நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கையால் தொட்டுப் பாருங்கள். அது கழன்றால் பிளேட் சுழன்று சக்கரமே பூட்டிக்கொள்ளும்.

பின் டயரில் எண்ணெய், ஸ்டார்ட் செய்ததும் புகை மூட்டம்

வண்டி பல வாரம் நின்றிருந்தால் எண்ணெய் அதன் அறையிலிருந்து மெல்லக் கசிந்து ஃப்ளைவீல் பக்கம் இறங்கிவிடும். முதல் கிக்கில் அது பிரீதர் (எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் குழாய்) வழியே கக்கும், சைலன்சரில் வெள்ளை நீலப் புகையாக வரும். சில நிமிடங்களில் பம்ப் அதைத் திருப்பி அனுப்பிவிட்டால் கவலையில்லை. புகையைப் பார்த்துவிட்டு உடனே எண்ணெய் ஊற்றாதீர்கள். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, பிறகு அளவுகோலைப் பாருங்கள்.

ஓடும்போதும் பிரீதர் கக்கினால், பழைய பிரீதரின் முனையில் வாத்து மூக்கு மாதிரி ஒரு ரப்பர் வால்வு இருந்ததே, அது எங்கே என்று தேடுங்கள். பிஸ்டன் இறங்கும்போது காற்றை வெளியே விட்டு, ஏறும்போது உள்ளே வராமல் மூடிக்கொள்வது அதன் வேலை. பார்க்க அழகான சின்ன ஃபில்டரை அந்த இடத்தில் மாட்டினால் உள்ளே அழுத்தம் நின்று ஒவ்வொரு கேஸ்கெட்டிலும் எண்ணெய் வழியும். சென்னையில் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலோ புல்லட் சாமான் விற்கும் கடையில் கேட்டுப் பாருங்கள், விலை பெரிதில்லை. ட்யூபைப் பின் டயருக்கு நேராக விடாமல் ஒரு சின்ன டப்பாவுக்குள் விடுங்கள். அதன் பிறகும் புகை நிற்காமல், இறக்கத்தில் ரேஸை மூடித் திறக்கும்போது மட்டும் பொங்கினால் வால்வு கைடு. இழுக்கும்போதெல்லாம் வந்தால் ரிங். அப்போது ஹெட்டைக் கழற்றித்தான் ஆகவேண்டும்.